ஐந்து கிராம் சன்னம்

கபிரியேல் பேசும் வாக்கியங்களில் கேள்விக்குறி வருவதில்லை. "மணி என்ன?" என்று அவர் கேட்டதாக யாருக்கும் நினைவில்லை. "மணி ஐந்தாகியிருக்கும்" என்று அறிவிப்பார். நாலரைதான் என்றால் மற்றவர்கள் தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளட்டும். பாண்டிச்சேரியில் பிறந்து, பாரிஸில் அரசாங்கக் கதிரையொன்றில் முப்பத்தொரு வருடம் அமர்ந்து ஓய்வுபெற்றவர். கதிரையைத்தான் திருப்பிக் கொடுத்தார். அதில் அமர்ந்திருந்த தோரணையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

மூன்று வருடங்களுக்கு முன் தன் மனைவி ஜெனவியேவுக்குச் சங்கிலி வாங்க பாரிஸின் தமிழ்க் கடைவீதியான லா சப்பலில், ரூ காய் தெருவிலுள்ள குகதாசன் நகைமாடத்துக்கு வந்தபோது, அவர் கண் சங்கிலியில் நிற்கவில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த தராசில் நின்றது.

"இது கிராம்ல நூத்துல ஒரு பங்கு காட்டும்," என்று அறிவித்தார்.

"ஆயிரத்திலை ஒரு பங்கும் காட்டும்," என்றாள் புனிதவதி. பலகையில் இருப்பது கணவன் பெயர். நிறுப்பது, உரைப்பது, விலை சொல்வது, வாடிக்கையாளரைச் சமாளிப்பது எல்லாம் அவள். குகதாசன் வாசலில் நின்று வணக்கம் சொல்வார். அதையும் நன்றாகச் சொல்வார்.

மறுநாள் கபிரியேல் ஒரு ஜாம் போத்தலோடு வந்து, அதிலிருந்ததைச் சிவப்பு வெல்வெட் தட்டில் கொட்டினார். செம்பு நிறத்தில், ஊசிமூக்கோடு, பின்பக்கம் லேசாக ஒடுங்கிய ஐம்பது சின்னச் சாமான்கள். மகளின் கல்யாணத்துக்குத் தோடு பார்க்க வந்திருந்த யசோதினி எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இது புதுத் தொங்கட்டானோ? சோடி என்ன விலை வரும்?"

"இது நகை இல்ல மதாம்," என்றார் கபிரியேல். "தோட்டா இருக்கே, அதோட மூக்கு. வெடிச்சதும் பறந்து போறது இதான். பிரெஞ்சில ஒழீவ்னு சொல்லுவோம்."

யசோதினி தோட்டை வைத்துவிட்டு, பிறகு வருகிறேன் என்று போனாள். குகதாசன் ஓடிப்போய் வாசற்கதவைச் சாத்தினார்.

"சன்னமோ? அண்ணை, இது லா சப்பல். இதை இஞ்சை ஆரும் கண்டால் நாளைக்கு என்ரை பேர் எங்கையெல்லாம் போகும் தெரியுமோ?"

துவக்கைப் பற்றிப் பேசாத தேநீர்க்கடை லா சப்பலில் கிடையாது. ரோல்ஸும் பிளேன்டீயும் முடிவதற்குள் மூன்று போர்க்களம் வந்துபோகும். ஆனால் பேசுகிற ஒருவரையாவது பிடித்து, சன்னம் ஏன் சுழன்றுகொண்டு போகிறது என்று கேட்டுப் பாருங்கள். அவசரமாக ஒரு தொலைபேசி அழைப்பு வந்துவிடும்.

புனிதவதி ஒரு சன்னத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "நுனி ஏன் இவ்வளவு கூர்? பின்பக்கத்தை ஏன் ஒடுக்கியிருக்கினம்? எல்லாம் ஒரே நிறையோ?"

இந்த மூன்று கேள்விக்கும் கபிரியேல் ஒரு மணி நேரம் பதில் சொன்னார். சுருக்கம் இதுதான்: கடையில் வாங்கும் தோட்டா எல்லாருக்கும் தைத்த சட்டை போன்றது. நல்ல சுடுநர்கள், சுட்டுமுடித்த பித்தளைக் கூட்டை வீசாமல் எடுத்து, அளவு திருத்தி, பற்றவைக்கும் புதுப் பொட்டும் வெடிமருந்தும் வைத்து, வாயில் புதுச் சன்னத்தைச் செருகி, தாங்களே தோட்டா கட்டுவார்கள். அதில் எல்லாரும் அடித்துக்கொள்வது எந்தச் சன்னம் என்பதில்தான்.

அப்படித்தான் புனிதவதி, கார்ஜ் லே கொனெஸுக்கு அப்பால் வயல்வெளியில் இருந்த சுடுதளத்தின் உறுப்பினரானாள். மருத்துவர் சான்றிதழ், காவல்துறைப் பத்திரம், ஒரு வருடக் காத்திருப்பு, வீட்டில் இரும்புப் பெட்டி எல்லாம் முடிந்து, கடைசியில் ஒரு பழைய துவக்கும் வாங்கினாள். "என்னோடது மாதிரியே வாங்குங்க மதாம், இந்தக் காலத்துல இப்படிச் செய்யறது இல்ல," என்று கபிரியேல்தான் தேடிப் பிடித்துக் கொடுத்தார். இரண்டும் ஒரே ஆலை, ஒரே வருடம். நீளப்பையோடு அவள் படியிறங்குவதைக் கண்ட அயலவர்கள், புனிதவதியக்கா தம்புரா பழகுகிறா என்று முடிவுகட்டினார்கள். அவளும் மறுக்கவில்லை.

இந்த வருடம் விஷயம் கொஞ்சம் தீவிரமானது. ஜூன் மாதப் பிராந்தியப் போட்டிக்குச் சங்கம் மூன்று பேரை அனுப்பும். ஒன்பது வருடமாகப் போனவர்கள் கபிரியேலும், சங்கச் செயலாளர் எமிலியும், எமிலியின் மச்சான் பஸ் ஓட்டுநர் ழான்-மார்க்கும்தான். மூவரும் பாண்டிச்சேரிக்காரர். இதைத் தெரிவு என்று கபிரியேல் சொல்லிக்கொண்டார். உண்மையில் நாலாவது ஆள் இருக்கவில்லை. இப்போது இருந்தாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை நால்வரும் நூறு மீற்றரில் பத்துத் தடவை சுடுவது. கடைசியாக வருபவர் வீட்டில் நிற்பது.

புனிதவதிக்கு அந்த இடம் வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் முதன்முறையாக, கடைக்கோ வீட்டுக்கோ இல்லாமல் தனக்கென்று ஒன்று வேண்டும். பள்ளிக்கூடத்துப் பத்திரத்தில் ‘தாய்’ என்ற கட்டத்திலும், வங்கிப் பத்திரத்தில் ‘துணைவி’ என்ற கட்டத்திலும் எழுதப்பட்ட பெயர் அவளுடையது. போட்டிப் பட்டியலில் எந்தக் கட்டமும் இல்லாமல் வெறும் பெயராக வரும்.

ஆனால் ஒரு மாதமாக அவள் சுடுவது இலக்குக் கடதாசி முழுக்கக் கொட்டிச் சிதறிக்கொண்டிருந்தது.

ஒரு கடுகுக்கும் மறு கடுகுக்கும் வித்தியாசம் பார்க்கிற கைதான், கை நடுங்கவில்லை. சன்னமும் மட்டமில்லை. பிறந்தநாளுக்கு குகதாசன் வாங்கித் தந்தது, கபிரியேல் பரிந்துரைத்ததிலேயே நீளமானது, பாரமானது. ஒன்று ஐந்து கிராம். "பாரம் கூடினால் பெறுமதி கூடத்தானே," என்றார் குகதாசன். இருபத்தாறு வருடம் பவுன் விற்றவருக்கு வேறெப்படித் தோன்றும்? புனிதவதிக்கும் அப்படித்தான் தோன்றியது. கடைப் பழக்கப்படி பெட்டியை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு சன்னத்தையும் தராசில் வைத்து, மில்லிகிராம் பிசகாமல் பத்துப் பத்தாகப் பிரித்து, நகை சுற்றும் ரோஸ் தாளில் மடித்து, மேலே நிறை எழுதி வைத்திருந்தாள். கபிரியேலே மெச்சினார். அவரும் பெட்டிகளை மதிப்பதில்லை. எந்தச் சன்னம் வந்தாலும் ஜாம் போத்தலில் கொட்டி, தன் கையால் தலைப்பு ஒட்டிவிடுவார்: தானும் சுடும் இந்த நீளச் சன்னத்துக்கு ‘உன்னதம்’, மற்றவற்றுக்கு ‘பரவாயில்லை’, ‘முயலுக்கு’.

"காத்து மதாம்," என்றார் போன ஞாயிறு அவளது கடதாசியைப் பார்த்து. "அப்புறம் மூச்சு. பொம்பளைங்க மூச்ச மேல நிறுத்துவாங்க, கீழ நிறுத்தணும்."

"உங்கட கடதாசியிலையும் ஓட்டையள் இப்பிடித்தானே கிடக்கு."

"என்னோடது காத்து மட்டும்."

ழான்-மார்க் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். கபிரியேலைத் திருத்தப்போனால் நாற்பது நிமிடம் விளக்கம் கேட்க வேண்டும். பஸ் ஓட்டுபவருக்கு நேரத்தின் அருமை தெரியும்.

வியாழன் மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரம், புனிதவதி அந்தக் கடதாசியைக் கண்ணாடி மேசையில் விரித்து, கல் பார்க்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகினாள். ஓட்டைகள் எங்கே இருக்கின்றன என்பதைத்தான் ஒரு மாதமாக எல்லாரும் பார்த்தார்கள். ஓட்டை என்ன வடிவம் என்று இப்போதுதான் பார்த்தாள். வட்டமில்லை. சில முட்டை போல. இரண்டு ஓட்டைகள் நீளமாக, ஒரு பக்கம் கூராக.

ரோஸ் தாளைப் பிரித்து ஒரு சன்னத்தை எடுத்து, அந்த நீள ஓட்டையின் மேல் படுக்கவைத்தாள். அச்சில் வார்த்ததுபோல் பொருந்தியது.

"இஞ்சேருங்கோ, இது படுத்துக்கொண்டு போயிருக்கு."

"ஆர் படுத்தது?" வாசலில் இருந்து குகதாசன்.

"சன்னம். மூக்காலை போகாமல் விலாவாலை போய் விழுந்திருக்கு."

"உமக்குக் கண்ணாடி மாத்த வேணும்."

"வந்து பாருங்கோவன்!"

வந்து பார்த்தார். தானும் ஒரு சன்னத்தை வைத்துப் பார்த்தார். வாசலில் வணக்கம் சொல்ல ஆளில்லாதது அரிதான காட்சி. வெளியே பழம் விற்பவன்கூட எட்டிப் பார்த்தான்.

"அந்தப் பெட்டி எங்கை?" என்று கேட்டாள்.

"எந்தப் பெட்டி?"

"இது வந்த பெட்டி. நான் எறிய வைக்க, வடிவாயிருக்கெண்டு நீங்கள்தானே எடுத்தனீங்கள்."

நகையோடு இலவசமாகக் கொடுக்கும் குங்குமப் பைகளை குகதாசன் அதில்தான் போட்டு வைத்திருந்தார். குங்குமத்தைத் தட்டிவிட்டுப் பார்த்தால், பெட்டியின் பக்கத்தில், எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு வரி. எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று, அல்லது அதைவிட வேகமான குழலுக்கு மட்டும்.

"என்ன சுற்று?" என்றார் குகதாசன்.

புனிதவதி உடைந்த தோடுகள் கிடந்த டப்பாவுக்குள் கைவிட்டு ஒரு திருகாணியை எடுத்தாள். தோட்டின் தண்டில் மரை சுற்றிச் சுற்றிப் போகிறது. நெருக்கமான மரையும் உண்டு, ஐதான மரையும் உண்டு. ஒன்றின் ஆணி மற்றதில் ஏறாது. துவக்குக் குழலுக்குள்ளும் இப்படித்தான் காடி வெட்டியிருக்கிறது. அதுதான் சன்னத்தைச் சுழற்றி அனுப்புகிறது. அது நெருக்கமா, ஐதா?

அன்று பின்னேரம் வீட்டில், குழல் துடைக்கும் கம்பியில் இறுக்கமாகத் துணி சுற்றி, தோட்டா இல்லாத துவக்கின் குழலுக்குள் செலுத்தினாள். தள்ளத் தள்ளக் கம்பி தானாகவே சுழன்றது. கைப்பிடியருகே நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தாள். கம்பி ஒரு முழுச்சுற்றுச் சுற்றிப் புள்ளி மறுபடி மேலே வரும்வரை அது எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்பதை, ரவிக்கை அளக்கும் நாடாவால் குகதாசன் அளந்தார். மூன்று தடவை அளந்தார்.

"முப்பதரை சென்ரிமீற்றர். பன்னிரண்டு அங்குலம்."

"பெட்டி எட்டு எண்டெல்லோ கேக்குது. எங்கடை குழல் ஆறுதலாச் சுத்துது."

"சுத்தினால் சுத்தட்டுமே. பாரமானது ஏன் விழுகுது? பாரமெண்டால் உறுதியாய்ப் போகவெல்லோ வேணும்?"

நியாயமான கேள்விதான். புனிதவதியின் கைப்பையில், ‘முயலுக்கு’ என்ற போத்தலிலிருந்து கபிரியேல் முதல் வருடம் கொடுத்த குட்டைச் சன்னங்கள் ஒரு கைப்பிடி மிச்சமிருந்தன. ஒன்று மூன்றரைக் கிராம்கூட வராது. கட்டையாக, பின்பக்கம் தட்டையாக, கல்யாணத்துக்கு அழைக்காத சொந்தக்காரர்போல் இருக்கும். சாப்பாட்டு மேசையில் ஒரு குட்டையை நுனியில் நிறுத்தி, பம்பரம்போல் விரலால் சுழற்றினாள். கிர்ரென்று நின்று சுற்றியது. ஐந்து கிராமை அதே வேகத்தில் சுழற்றினாள். இரண்டு சுற்று, தலை ஆடியது, படுத்துவிட்டது.

"நீர் மெதுவாய்ச் சுத்தினனீர்," என்று குகதாசன் பறித்துச் சுழற்றினார். படுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சுழற்றினார், கொஞ்சம் நின்றது.

"பாருங்கோ. நெடுவலுக்குக் கூடச் சுத்து வேணும். பாரத்திலை பிழையில்லை, நீளத்திலைதான்."

"அப்ப நான் வாங்கித் தந்தது?"

"நல்ல சாமான். வேறை குழலுக்கு."

குகதாசன் தேநீரை ஆறவிட்டுவிட்டு இன்னும் அரை மணி நேரம் சன்னம் சுழற்றினார். "பொன்னெண்டால் உரைச்சுப் பாத்திருப்பம் என்ன? இதை நிறுத்ததோடை விட்டிட்டம்," என்றார் கடைசியில்.

சனிக்கிழமை சுடுதளத்தின் தோட்டா கட்டும் அறைக்குப் போய், கபிரியேலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மறைத்து வைத்து ஞாயிறு வெல்லலாம் என்ற எண்ணம் வராமலில்லை. வந்தது, ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையம் வரை கூடவே வந்து இறங்கிப்போனது. உங்கள் துவக்கும் இதே ஆலை, இதே வருடம், ஒருக்கால் அளந்து பாருங்கோ என்றாள். திருகாணியையும் காட்டினாள்.

கபிரியேல் திருகாணியைப் பார்த்த பார்வையில் முப்பத்தொரு வருடக் கதிரை இருந்தது.

"மதாம். நான் இருபத்திரண்டு வருஷமா தோட்டா கட்டறேன். இந்த நீள ஒழீவ்லதான் சாம்பியனுங்க சுடறாங்க. பத்திரிகையில போட்டிருக்கான்."

"அவையின்ரை குழல் என்ன சுத்தெண்டு பத்திரிகையிலை போட்டிருந்ததோ?"

"குழல் குழல்தான்."

"ழான்-மார்க்கின்ரை புதுத் துவக்கு. அதிலை இந்தச் சன்னம் வட்டமா ஓட்டை போடுது."

"ழான்-மார்க் மூச்ச கீழ நிறுத்தறான்."

புனிதவதி திருகாணியைப் பையில் போட்டாள். குட்டைச் சன்னத்துக்கு எவ்வளவு மருந்து என்று அச்சிட்ட கையேட்டில் பார்த்து, பத்துத் தோட்டா கட்டினாள். சன்னம் மாறினால் மருந்தும் மாறும். அதில் மட்டும் யாருடைய வாய்ச்சொல்லையும் நம்பக்கூடாது என்பதை அவளுக்குச் சொல்லித்தந்தவர் கபிரியேல்தான். அந்த மரியாதையை அவருக்குக் கொடுத்தாக வேண்டும்.

"முயல் சுடப் போறீங்க போல," என்றார் அவர் கதவடியிலிருந்து.

"ஓம். அகப்பட்டால் உங்களுக்கும் ஒரு கால் தாறன்."

ஞாயிறு காலை காற்று இல்லை. கொடிக்கம்பத்துத் துணி துவைத்துக் காயப்போட்டதுபோல் தொங்கியது. கபிரியேல் விரலை நனைத்துத் தூக்கிப் பிடித்து, "காத்து வரும்" என்று அறிவித்தார். குகதாசன் ஒரு பாத்திரம் வடையோடு வந்து பின்வரிசை மர வாங்கிலில் உட்கார்ந்து, காதடைப்பானைத் தலைகீழாக மாட்டிக்கொண்டார்.

நால்வரும் சுட்டார்கள். புனிதவதி மூச்சை எங்கே நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. ஒவ்வொரு வெடிக்கும் பிறகு தொலைநோக்கிக்குள் பார்த்தாள். எங்கே பட்டது என்று பார்ப்பதற்கு முன்னால் வட்டமா என்று பார்த்தாள். முதலாவது வட்டம். இரண்டாவது வட்டம். ஐந்தாவதில் அவளுக்குச் சிரிப்பு வந்து, அதை அடக்கியதில் ஆறாவது கொஞ்சம் விலகியது. அதுவும் வட்டம்.

எமிலி கடதாசிகளைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினாள். ழான்-மார்க் தொண்ணூற்றுநாலு. புனிதவதி தொண்ணூற்றிரண்டு, பத்தில் எட்டு ஓட்டைகளை ஒரு இரண்டு இயூரோ நாணயக் குற்றியால் மூடலாம். எமிலி தொண்ணூறு. கபிரியேல் அறுபத்தெட்டு. அவருடைய கடதாசியில் முட்டைகளும், நடுவே, சாய்வு நாற்காலியில் கிடப்பதுபோல் ஒரு முழுச் சன்னத்தின் நிழலும் இருந்தன.

ழான்-மார்க் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார். குகதாசன் மட்டும், காது அடைத்திருந்ததால், "வட்டமோ?" என்று முழு மைதானத்துக்கும் கேட்கக் கேட்டார்.

பட்டியலை அணித்தலைவர் வாசிப்பது சங்கத்தின் வழக்கம். ஒன்பது வருடமாக கபிரியேல் தன் பெயரை முதலாவதாக, கொஞ்சம் தொண்டையைச் செருமி வாசித்து வந்தார். எமிலி தாளை நீட்டினாள். வாங்கினார். கொடிக்கம்பத்தை ஒரு தடவை பார்த்தார்; துணி உதவிக்கு வரவில்லை.

"ழான்-மார்க்," என்றார். "எமிலி."

பிறகு செருமினார்.

"புனிதவதி."

மதாம் போடவில்லை. வெறும் பெயர். அவள் அதைத்தான் கேட்டிருந்தாள். கேட்டதும் என்ன செய்வதென்று தெரியாமல் வடைப் பாத்திரத்தைத் திறந்து, முதல் வடையை கபிரியேலிடம் நீட்டினாள். அவர் எடுத்துக்கொண்டார். சாப்பிடவில்லை, கையில் வைத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை கடையில் கூட்டம். யசோதினி மூன்று வருடம் கழித்து ஒருவழியாகத் தோடு எடுக்க மகளோடு வந்திருந்தாள். சம்பந்தி வீட்டாரும் நின்றார்கள். கபிரியேல் உள்ளே நுழைந்து, வரிசையில் கடைசியாக நின்றார். கையில் செய்தித்தாள் சுற்றிய நீளமான ஒன்று. குகதாசனின் முகம் வெளிறியது.

"அண்ணை, கடைக்குள்ளை அதைக் கொண்டு..."

"கம்பி மட்டும்தான்," என்றார் கபிரியேல் தாழ்ந்த குரலில்.

முறை வந்ததும் செய்தித்தாளைப் பிரித்தார். குழல் துடைக்கும் கம்பி. அதில் இரண்டு இடத்தில் நகப்பூச்சு, மனைவி ஜெனவியேவின் கருஞ்சிவப்பு. கண்ணாடி மேசையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் நின்றார். வாய் இரண்டு தடவை திறந்து மூடியது. அறிவித்துப் பழகிய வாய், பாதை புதிது.

"மதாம் புனிதவதி," என்றார். "இது எவ்வளவு?"

கடையில் அந்தக் கேள்வியின் பெறுமதி தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். குகதாசன் வாசலில் சொல்லவேண்டிய ஒரு வணக்கத்தை மறந்தார். புனிதவதி சிரிக்கவில்லை. மேசை லாச்சியை இழுத்து அளவுகோலை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே பாருங்கோ."

குனிந்து அளந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி அளந்தார். "முப்பது. முப்பதரை." நிமிர்ந்தார். இப்போது அவர் முகத்தில் கதிரை இல்லை. அந்த இடத்தில் என்னவோ அரித்துக்கொண்டிருந்தது. "சரி, அது இருக்கட்டும். ஆனா குட்டையா இருக்கறது ஏன் நிமிந்து போவுது? நீளமா இருக்கறது ஏன் சாயுது?"

புனிதவதி லாச்சிக்குள் கைவிட்டு இரண்டு சன்னங்களை எடுத்தாள், நெடுவல் ஒன்று, குட்டை ஒன்று. சம்பந்தி வீட்டார் பார்க்க, மேசை நடுவில் குட்டையை நுனியில் நிறுத்தினாள்.

"அக்கா," என்றாள் யசோதினி, "அந்தத் தொங்கட்டான் இன்னும் விலைப்படேல்லையோ?"

"பொறும் பிள்ளை," என்றாள் புனிதவதி. "முசியே, நெடுவலை நீங்கள் பிடியுங்கோ. நான் மூண்டு எண்ண ரெண்டு பேரும் சேர்ந்து சுத்துவம்."